சூடம் அணைக்காதவன்

பச்சமுத்து ஏரியில் முங்கி ஞானஸ்நானம் எடுத்த அன்று நானும் கரையில் நின்று பார்த்தேன். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் எனக்கு உரக்கடை. அவன் என் வாடிக்கைக்காரன், கூப்பிட்டான், போனேன். முங்கி எழுந்தவன் அதே பச்சமுத்துதான். கொஞ்சம் நனைந்திருந்தான், அவ்வளவுதான். இதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வரட்டும்.

டெங்கு வந்து படுத்துக் கிடந்தபோது பாஸ்டர் ஒருவர் வந்து ஜெபம் பண்ணினாராம், இவன் பிழைத்துக்கொண்டானாம். குளுக்கோஸ் ஏற்றிய ஆஸ்பத்திரிக்காரர்களை அந்தக் கதையில் அவன் சேர்ப்பதே இல்லை. அவன் பெண்சாதி அமலா பிறந்த வீடே கிறிஸ்தவ வீடு. கல்யாணமான நாளிலிருந்து புருஷனுக்காக வேண்டிக்கொண்டிருந்தவள், ஏரிக்கரையில் அன்றைக்கு அவளுக்கு வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகு ஆளின் தொல்லை தாங்க முடியவில்லை. டிராக்டர் முன்னால் வசனம் எழுதினான். ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் தெருப்பக்கமே திரும்ப மாட்டான். யூரியா வாங்க வந்த இடத்தில் எனக்கு வழி காட்டுவான். நாங்கள் இந்தப் பக்கத்துச் சமணர்கள், பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை. அது அவனுக்கு இளக்காரம்.

"ஜினதாஸண்ணே, ராத்திரி பட்டினி கெடந்தா மோட்சம் கெடைக்காது," என்பான்.

"அஜீரணம் வராதுல்ல, அது போதும். மூட்டையத் தூக்கு," என்பேன்.

இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தவன் நிலத்து விஷயத்தில் மட்டும் அப்படியே இருந்தான். பெரியப்பா மகன் கலியபெருமாளோடு அவனுக்கு வரப்புத் தகராறு. இரண்டு பேருக்கும் கூட்டுப் பட்டா. தாத்தா காலத்தில் வாய்ப்பேச்சாகப் பிரித்துக் கல் நட்டதோடு சரி, காகிதத்தில் நடு எல்லை கிடையாது. அளக்க வந்த சர்வேயரும், உங்களுக்குள் பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று வண்டியைத் திருப்பிவிட்டார். பச்சமுத்துவின் அப்பா இளையபெருமாள் கல்லை நகர்த்திவிட்டார் என்பது கலியபெருமாளின் புகார். தகராறு நடக்கும் துண்டில்தான் பச்சமுத்து போட்ட போர்க் கிணறு இருக்கிறது. அது கைவிட்டுப் போனால் அவனுடைய மிச்ச நிலம் வெறும் பொட்டல்.

இளையபெருமாள் உயிரோடிருந்தபோது மாரியம்மன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அணைத்து, கல் நகரவில்லை என்று சத்தியம் செய்தார். எங்கள் பக்கம் சூடம் அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பம் விளங்காது என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. அவர் காலமானதும் கலியபெருமாள் மறுபடி கிளப்பினார். அப்பன் செய்த சத்தியத்தை மகனும் செய்யட்டும் என்றார்.

பச்சமுத்து போகும் ஜெபவீடு என் கடைக்குப் பின்னால் ஒரு ஷீட் கொட்டகை. மைக் இல்லாமல் அவர்களுக்கு ஆண்டவரிடம் பேச வராது, ஆகையால் எல்லாம் என் காதிலும் விழும். பாஸ்டர் எழிலன் நல்ல மனுஷர்தான். பிரதர் பச்சமுத்துவுக்கு நிலத்தில் ஜெயம் கொடுங்கள் என்று வாராவாரம் கேட்டார். சபையே உபவாசம் இருந்தது. அமலா அழுது அழுது ஜெபித்தாள். எதிராளி கிறிஸ்தவர் இல்லை என்பதால், ஆண்டவர் எந்தப் பக்கம் என்பதில் அங்கே ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

பஞ்சாயத்து மாரியம்மன் கோயில் வாசலில் கூடியது. பழைய தலைவர் பாண்டுரங்கன் என்னையும் வரச் சொல்லியிருந்தார். எந்தப் பக்கமும் சாராத ஆள் வேண்டும் என்றால் இங்கே சமணனைக் கூப்பிடுவார்கள். தட்டில் சூடம் தயாராக இருந்தது.

"அவன் அணைச்சிட்டான்னா நான் துண்ட ஒதறிக்கினு போயிட்றேன்," என்றார் கலியபெருமாள்.

பச்சமுத்து எழுந்தான். "எங்க வழியில சத்தியம் பண்றதில்லீங்க. உள்ளத வெறும் வாயால சொன்னா போதும்."

கூட்டத்தில் சிரிப்பு. பயந்துட்டான் பார் என்றார்கள். அப்படியானால் பைபிள் மேல் கை வை என்றது ஒரு குரல். அதுவும் சத்தியம்தான் என்றான் இவன். நழுவப் பார்க்கிறான் என்றுதான் எனக்கும் பட்டது.

பாண்டுரங்கன் அலுத்துப் போனார். "சரிப்பா. சூடமும் வாணாம், பைபிளும் வாணாம். கல்லு இருக்கற எடம் சரிதான்னு வெறும் வாயாலயே சொல்லிட்டு ஊட்டுக்குப் போ. எனக்கும் வேலை கீது."

இதைவிடச் சுலபமாக யாருக்கும் ஒரு போர் கிடைக்காது. தீ இல்லை, சாபம் இல்லை, ஒரே ஒரு வார்த்தை. பெண்கள் பக்கம் நின்றிருந்த அமலா அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பச்சமுத்து வாயைத் திறந்தான், மூடினான்.

"சரியில்ல," என்றான்.

"இன்னா சரியில்ல?"

"கல்லு. நைனாதான் நவுத்தினாரு. நான்தான் கடப்பாறை புடிச்சேன்."

நின்றிருந்த கலியபெருமாள் உட்கார்ந்துவிட்டார். அமலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்க்க நடந்தாள்.

திரும்பும்போது அவன் என் வண்டியில்தான் வந்தான். எனக்கு வயிறு எரிந்தது. என் நிலம்கூட இல்லை, ஆனாலும் எரிந்தது.

"ஏன்டா, ஒரு வார்த்ததான. உங்க நைனா சூடத்தயே அணைச்சாரு, அவருக்கு ஒண்ணும் ஆவல. உனக்கு இன்னாடா கேடு?"

அவன் சொன்னான்: "முன்னல்லாம் சாமி கோயில்ல இருந்துச்சிண்ணே, நான் ஊட்ல இருந்தேன். தப்பு பண்ணா ஒரு தேங்கா ஒடச்சிட்டு வந்துடலாம். ஏரில முங்கினப்புறமும் அப்டித்தான் இருந்தேன். அவரு ஜெபவீட்ல, நான் கழனில."

"இப்ப?"

"கொஞ்ச நாளா அவரு என்ன உட்டு எங்கயும் போறதில்லண்ணே. உள்ளயே இருக்காரு. வாயத் தொறந்தேன் பாரு, அது அவரு வாயுந்தான்னு தெரிஞ்சிபோச்சி. அவரப் போய் எப்டிண்ணே பொய் சொல்ல வெக்கிறது?"

நான் வண்டியை ஓட்டினேன். எங்கள் வழியில் அவரவர் வினையை அவரவரே கரைக்க வேண்டும். உள்ளே வந்து குடியிருக்க யாரும் கிடையாது. அவன் சொன்னது புரிந்தது என்றால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். ஆனால் அவன் கதை அளக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அன்றைக்கு ஏரியில் முங்கி எழுந்த பச்சமுத்து இல்லை, வேறொரு ஆள் என் பின்னால் உட்கார்ந்து வருவது போலிருந்தது.

கலியபெருமாள் போரையும் சேர்த்து அந்தத் துண்டு நிலத்துக்கு முள்வேலி போட்டார். மழையும் காலை வாரியது. ராஜகிரிக் கோட்டை மலை மேல் மேகம் கருத்துக்கொண்டு நிற்கும், இறங்காது. விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரத்தில் பச்சமுத்துவின் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, தண்ணீர் இல்லாமல் சுருண்டது. அமலா சோறு போடுவாள், தட்டை எடுப்பாள், பேச மாட்டாள். நாம் பட்டினி கிடந்து கேட்டதை ஒரே வாயில் கெடுத்துவிட்டான் என்று சபையிலும் முணுமுணுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களிடம் சாட்சி சொல்கிற வழக்கம் உண்டு. வேலை கிடைத்தவர், சிறுநீரகக் கல் கரைந்தவர், துபாய்க்கு விசா வந்தவர் எழுந்து சொன்னால் கொட்டகையே ஸ்தோத்திரம் என்று அதிரும். செடி முழுக்கக் காய்ந்துபோன அந்த வாரம் மைக்கில் பச்சமுத்துவின் குரல் கேட்டது. நான் பூச்சிமருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"போர் போச்சி. மல்லாட்டை காஞ்சிபோச்சி. ஊட்ல பேச்சில்ல. அந்தக் கல்லுல கை வெச்சவன் நான், அதயும் சொல்லிட்டேன். இப்ப அவரு கூட இருக்காரு, நான் தனியா இல்ல. அவ்ளோதான்."

மைக் கரகரத்தது. ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. பாஸ்டர் தொண்டையைச் செருமினார். அவன் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு பெண்குரல் தனியாக, "ஸ்தோத்திரம்" என்றது. இத்தனை வாரமும் புருஷனிடம் வாயே திறக்காத அமலாவின் குரல் அது.