பக்கத்து நாற்காலியில் ஒருவர் வேண்டும்

தவமணி காலமான செய்தி எனக்கு மின்னஞ்சலில் வந்தது. நூலக ஊழியர் எல்லாருக்கும் போன பொது மின்னஞ்சல். நம் அன்புக்குரிய சக ஊழியர் மறைந்தார் என்றது முதல் பத்தி. அவர் நடத்திவந்த புதன்கிழமை வகுப்பு இனி நேரில் நடக்காது, தேவைப்படுவோர் வீடியோவைப் பார்த்துக்கொள்ளலாம் என்றது அடுத்த பத்தி. கீழே வீடியோவுக்கான இணைப்பு. ஒரு மனுஷியின் சாவையும் ஒரு வகுப்பின் ரத்தையும் ஒரே மூச்சில் சொல்ல எப்படித்தான் மனம் வந்ததோ! எனக்கு அழுகை வரவில்லை. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த வகுப்பில் இருந்தவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவம், தாதிமை எனும் நர்ஸிங், அறிவியல் படிப்பவர்களுக்கும் அந்தத் துறைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும், ஆய்வுக் கட்டுரைகளை எப்படித் தேடுவது, எதை எவ்வளவு நம்புவது என்று எங்கள் பல்கலைக்கழக நூலகம் கற்றுத்தரும் வகுப்பு அது. கணினியின் தேடல் கட்டத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம், நானும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தவமணியின் வகுப்பில் மட்டும் ஒரு வழக்கம் உண்டு. பாதி வகுப்பில் விளக்கைப் போட்டுவிட்டு, "இப்ப உங்க கேள்விய பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுங்க," என்பார். நீங்கள் எதை உண்மை என்று நம்பி வந்தீர்களோ, அது தவறு என்று காட்டும் கட்டுரைகளைப் பக்கத்து நாற்காலிக்காரர் தேட வேண்டும். அவர் நம்பிக்கையை நீங்கள் அதே மாதிரி சோதிக்க வேண்டும். முணுமுணுப்பு கிளம்பும். அவர் அசரமாட்டார்.

"உங்களுக்குப் பிடிச்ச பதில் கேக்காமலே வந்து நிக்கும். பிடிக்காத பதில யாராவது தேடித்தான் தரணும்," என்பார்.

ஒருமுறை எலும்பு மருத்துவர் ஒருவர் வந்திருந்தார். தான் செய்யும் சிகிச்சைதான் சிறந்தது என்று கட்டுரை எழுதும் எண்ணம். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது இயன்முறை மருத்துவம் படிக்கும் ஒரு பெண். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, எதிரான கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டக் காட்ட, டாக்டரின் முகம் சிவந்துவிட்டது. நீங்கள் யார் பக்கம் என்று தவமணியிடம் நேராகவே கேட்டார்.

"நீங்க வைத்தியம் பாக்கப்போற பேஷண்ட் பக்கம்லா," என்றார் தவமணி, குரலை உயர்த்தாமல். டாக்டர் மடிக்கணினியை மூடிக்கொண்டு போனார். அடுத்த புதன்கிழமை அவரே இரண்டு சக மருத்துவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு சனிக்கிழமை சிராங்கூன் ரோட்டுக் கடைத்தெருவில் அவரோடு போய்க்கொண்டிருந்தேன். பூ வாங்க நின்ற கடையில், சர்க்கரை நோய்க்கான ஏதோ ஒரு பொடி டப்பாவில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று அச்சடித்திருந்தார்கள். எந்த ஆய்வு என்று தவமணி கேட்டார். கடைக்காரர் பாவம், நன்றாகப் போகிறது என்று மட்டும் சொன்னார். டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டு, பூவை வாங்காமலே அவர் வெளியே வந்துவிட்டார். பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் தோசைக்காகக் காத்திருந்தபோது, நான் கேட்காமலே சொன்னார்.

அவருடைய அண்ணன் சர்க்கரை நோய் மாத்திரையை விட்டுவிட்டு மூலிகைக்கு மாற ஆசைப்பட்டாராம். நூலகத்தில் வேலை செய்யும் தங்கையிடம், இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். தங்கையும் தேடி, அவர் விரும்பியதைச் சொன்ன ஒரு கட்டுரையை எடுத்து அனுப்பியிருக்கிறார். அண்ணனுக்குக் கால் போயிற்று.

"தப்பா தேடல குமார். சரியாத்தான் தேடினேன். அவர் கேட்டத மட்டும் தேடினேன்," என்றார். அதற்குள் தோசை வந்துவிட்டது. அந்தப் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

புக்கிட் பாத்தோக்கில் அவர் வீடு இருந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் உடலை வைத்திருந்தார்கள். அந்த எலும்பு மருத்துவர் வந்திருந்தார். சக்கர நாற்காலியில் அண்ணன் இருந்தார். எங்கள் பிரிவின் தலைவரும் வந்து, தவமணியின் குரல் அந்த வீடியோவில் என்றும் வாழும் என்று என் தோளைத் தட்டிச் சொன்னார். உடம்பு முடியாமல் இருந்த கடைசி மாதங்களில் தவமணியே உட்கார்ந்து பதிவு செய்து கொடுத்த வீடியோவாம். அவரே சம்மதித்தார் என்றால் நான் யார் கோபப்பட என்று அன்று வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் வீடியோவைப் பார்த்தேன். அதே குரல், மூச்சு வாங்குவதும் கேட்கிறது. தேடல் சொற்கள், முடிவுகளைக் குறுக்கும் வடிகட்டிகள், எல்லாம் அழகாகச் சொல்கிறார். பாதியில் விளக்கைப் போட எழுந்திருக்கிறார். உடனே படம் வெட்டுப்பட்டு, மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, "சரி, வகுப்பு முடிஞ்சுது," என்கிறார். கேள்வியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கச் சொல்லும் நடுப்பகுதியைக் காணோம்.

மறுநாள் தலைவரிடம் போய்க் கேட்டேன். ஒளிவுமறைவே இல்லாமல் சொன்னார்: தனியாகப் பார்ப்பவருக்குப் பக்கத்தில் யார் இருக்கப்போகிறார்கள், குழப்பமாக இருக்கும் என்று வெட்டி எடுத்துவிட்டோம்; நீளமும் குறைந்தது. தவமணியிடம் கேட்டீர்களா என்றேன். அவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தோம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சாகக் கிடக்கும் பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசியதில் எது தேவையில்லை என்று தீர்மானிக்க இவர்கள் யார்? ஓர் அண்ணனின் காலைக் கொடுத்து வாங்கிய பாடம் இவர்களுக்கு நீளமாகத் தெரிந்ததா? இதைத்தான் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன்.

அடுத்த புதன்கிழமைக்கு அதே அறையை என் பெயரில் பதிவு செய்தேன். அறிவிப்பு எதுவும் போடத் தலைவர் விடவில்லை. வாய்வழியாகக் கேள்விப்பட்டு வந்தவர் ஒரே ஒருவர்: சமூக மருத்துவ நிலையத்தில் நெடுங்காலமாக வேலை பார்க்கும் நர்ஸ் சாந்தி.

"வீடியோ பாத்தேன் சார். எல்லாம் புரிஞ்சுது. என் கேள்வி சரியா தப்பான்னு அதுகிட்ட கேக்க முடியல," என்றார்.

நான் முன்னாலிருந்து இறங்கி, அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவருடைய கேள்வியை வாங்கிக்கொண்டேன். என்னுடையதை எழுதி நீட்டினேன்: நேரில் எடுக்கும் வகுப்புதான் வீடியோவைவிட நன்றாகக் கற்றுத்தரும். இது தவறு என்று தேடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தேட ஆரம்பித்தார்.

எனக்குப் பிடிக்காத கட்டுரைகள் கிடைக்கத்தான் செய்தன. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். சில இடங்களில் அவை சொல்வதில் நியாயம் இருந்தது. தவமணியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒரு வழக்கத்தைத்தான். என் கோபம் குறையவில்லை. நான் எங்கே தவறுகிறேன் என்று எடுத்துக் காட்ட அன்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். வீடியோவிலிருந்து வெட்டி எறிந்தது அந்தப் பக்கத்து நாற்காலிக்காரரைத்தான்.