சுலைமானுக்குப் போன பந்து

மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கைலிக் கடை வைத்திருந்த கமாலுதீனுக்கு இரண்டு வேலை. கடை சோறு போட்டது. மற்றது தூக்கத்தைக் கெடுத்தது. அந்த மற்றது, துறைமுகத்துத் தமிழர்களின் கால்பந்துக் குழு. ஏழு வருஷமாக அவர்தான் மேனேஜர். மேஸ்திரிகளிடம் கெஞ்சி ஆட்களுக்கு லீவு வாங்குவதும், தோற்றால் ஏச்சு வாங்குவதும் அவர் பாடு. ஜெயித்தால் மாலை மட்டும் சுலைமானுக்கு.

அதில் குறை சொல்லவும் முடியாது. பாடாங் திடலில் சுலைமான் காலுக்குப் பந்து வந்தால் சீனரும் மலாய்க்காரருமாக ஓரத்தில் இருக்கிற அத்தனை பேரும் எழுந்து நின்றுவிடுவார்கள். ஆனால் 1931இல் அவனுக்கு வயது முப்பத்தைந்து ஆகிவிட்டது. வலது முட்டி வீங்கிக் கிடந்தது. துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு ஆடினான். போதாத குறைக்கு, அவன் கமாலுதீனின் மனைவி ஹபீபா பீவியின் கூடப்பிறந்த தம்பி.

அந்த வருஷம் பார்த்துத்தான் நிபோங் திபால் ரப்பர் தோட்டத்திலிருந்து அர்ஜுனன் மூட்டை தூக்க வந்து சேர்ந்தான். இருபது வயசு. வந்த மாதமே கோலாக அடித்துத் தள்ளினான். கூட்டம் அவன் பெயரைக் கத்தத் தொடங்கியதும் சுலைமான் முகம் சுண்டிப்போயிற்று. பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான்.

"மச்சானே என்னை ஓரங்கட்டுறாரு லா" என்று அக்காவிடம் போய்ச் சொல்லியும் வைத்தான். அன்றிலிருந்து வீட்டில் சோற்றுத் தட்டு தரையில் விழுகிற சத்தமே வேறாகிவிட்டது.

கமாலுதீன் அலுத்துப்போனார். சுலைமானை விட்டால் குழுவில் பாதிப் பேர் ஆட வரமாட்டார்கள். அர்ஜுனனை விட்டால் கோப்பை வராது. நடுவில் ஆள் மாற்றுகிற வழக்கமும் அப்போது இல்லை. இறங்கியவன் கடைசிவரை ஆட வேண்டியதுதான். சுலைமானைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்து, இருவரையும் முன்வரிசையில் போட்டார்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம் குழுவுக்குத் தன் வீட்டில் சஹன் சாப்பாடு வைத்தார். பெரிய தட்டில் நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும் குவித்து, சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பது. மூத்தவர் கைவைத்த பிறகுதான் இளையவர் தொடுவார்கள். அர்ஜுனனுக்கு இது புதுசு, பசி வேறு. உட்கார்ந்ததும் கையை வைத்துவிட்டான். எதிரே இருந்த சுலைமான் தன் கையை இழுத்துக்கொண்டான். 

கமாலுதீனுக்குப் பதறியது. இவ்வளவு பாடுபட்டுக் கூட்டிவந்தவன் எழுந்து போய்விடுவானோ என்ற பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னார்:

"தம்பி, சஹன்ல ஆனாலும் சரி, பாடாங்ல ஆனாலும் சரி, சுலைமான் அண்ணனுக்கு அப்புறந்தான் நீ."

"தெரியாம செஞ்சிட்டேண்ணே" என்றான் அர்ஜுனன். சுலைமான் சிரித்து, ஒரு கறித்துண்டை எடுத்து அவன் பக்கம் தள்ளினான். ஒரே பேச்சில் காரியம் முடிந்ததென்று கமாலுதீன் அன்றைக்கு நிம்மதியாகக் கண்ணயர்ந்தார்.

மறுநாள் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடியப் போகிற நேரம். அர்ஜுனன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு ஓடினான். கோல்காப்பவன் தடுக்கி விழுந்து கிடந்தான். முன்னால் வெறும் கோல். தட்டிவிட்டால் போதும். அவனோ நின்றான், திரும்பிப் பார்த்தான், நொண்டிக்கொண்டு வந்த சுலைமானுக்குப் பந்தை உருட்டினான். சுலைமான் ஓங்கி உதைக்கப் போக, முட்டி மடங்கி மண்ணில் விழுந்தான். எதிரணி பந்தைக் கொண்டுபோய் அந்தப் பக்கம் கோல் போட்டது. கதை முடிந்தது.

கமாலுதீன் திடலுக்குள் ஓடினார். "தொறந்து கெடந்துச்சேடா, ஏன் அடிக்கல?"

"நீங்கதானேண்ணே சொன்னீங்க, சுலைமான் அண்ணனுக்கு அப்புறந்தான்னு."

 கமாலுதீனுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. குனிந்து சுலைமானைத் தூக்கக் கை நீட்டினார். அவன் பிடிக்கவில்லை.

"என் முட்டி எனக்குத் தெரியாதா, மச்சான்? இந்த வருசம் வேணாம்னு நேரா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே ஓரமா நின்னு இவனுக்குக் கத்தியிருப்பேன். ஊர் முன்னால விழ வச்சிட்டீங்களே."

கத்தியிருப்பானோ மாட்டானோ, யார் கண்டது. அர்ஜுனன் தோளைப் பிடித்து எழுந்து, அவன்மேல் சாய்ந்தபடியே போய்விட்டான். கமாலுதீன் அங்கேயே புல்லில் உட்கார்ந்தார். சுலைமானிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லப் பயந்துதான் அந்த வருஷம் முழுக்க அவர் ஓடிக்கொண்டிருந்தார்.