கவர்னருக்கு ஓரடி பின்னால்

ராணுவத்திலிருந்து என்னைக் கவர்னருக்கு உதவி அதிகாரியாக அனுப்பினார்கள். ஏ.டி.சி. என்பார்கள். தோளில் தங்கக் கயிறு, இடுப்பில் வாள் என்று ஊரில் பெரிய பேச்சு. உண்மையில் நான் பெரும்பாலும் செய்தது, கவர்னருக்கு ஓரடி பின்னால் நின்று, அவருக்கு ஜனங்கள் நீட்டுகிற சால்வையையும் பழத்தட்டையும் மனுவையும் வாங்கிக்கொள்வதுதான். வாய் திறக்கக் கூடாது. சொந்தக்காரர் வந்தாலும் தெரிந்த முகம் காட்டக் கூடாது.

வடமதுரைப் பக்கம் என் தாய்மாமனுக்கு ஒரு மல்லிகைத் தோட்டம் இருந்தது. அதற்குப் போகிற வண்டிப்பாதையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டார். பறித்த பூவைத் தலையில் சுமந்து, வரப்பெல்லாம் சுற்றி ரோட்டுக்கு வருவதற்குள் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவைச் சந்தையில் சீந்துவாரில்லை.

"வக்கீலைப் பாருங்க மாமா" என்று போனில் சொன்னேன்.

"வக்கீலு எதுக்கு மாப்ளே? கவர்னரு திண்டுக்கல்லுக்கு வாராருல்ல. பக்கத்துல நீ நிக்கிற. அம்புட்டுதான், சோலி முடிஞ்சது."

அந்த மனு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். கலெக்டருக்குப் போகும், அங்கிருந்து தாலுகா ஆபீசுக்கு, கடைசியில் ஏற்கெனவே 'பாதையே இல்லை' என்று எழுதிய அதே வி.ஏ.ஓ.வின் மேசைக்கு. சொல்லிப் பார்த்தேன், மாமா சிரித்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அவர் கணக்கில் அந்தப் பூசாரியே நான்தான்.

பயணியர் மாளிகை வாசலில் மாமா வெள்ளை வேட்டி சட்டையோடு வரிசையில் நின்றார். கையில் மனு, அதன்மேல் ஒரு பந்து மல்லிகை. கவர்னர் தொட்டுவிட்டுப் புன்னகைத்தார், இரண்டும் என் கைக்கு வந்தன. மாமா யாரோ ஒருவர் போலக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். எனக்குச் சங்கடம் வரக் கூடாதாம். நான் அடுத்த ஆளின் சால்வையை வாங்கினேன்.

மனு நான் சொன்ன வழியே போய், 'பாதை இல்லை' என்ற பதிலோடு திரும்பியது. மாமா நம்பிக் காத்திருந்த மாதங்களில் பக்கத்துக்காரர் பாதையை உழுது தென்னங்கன்று வைத்துவிட்டார். மாமா மல்லிகைச் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்.

லீவில் போனபோது திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இலையில் வெஞ்சனம் வைத்துக்கொண்டே அத்தைதான் ஏதோ முணுமுணுத்தார். மாமா அவரை அடக்கினார்.

"சும்மா இருடி. அவன் என்ன செய்வான்? வாயைத் தெறக்காம நிக்கத்தானே அவனை வச்சிருக்காக."