திறக்காத கூரை

டல்லாஸில் என் வீட்டுக் கொல்லையில், தொலைநோக்கிக்காகக் கட்டிய அறையின் தகரக் கூரையை, வானம் தெரிய, முதன்முறையாகத் தள்ளித் திறந்தேன். சக்கரங்கள் கிறீச்சிட்டுக்கொண்டே நகர்ந்தன.

வேதாரண்யத்தில் இந்தச் சத்தத்துக்காக அம்மா எவ்வளவு ஏங்கினாள்! சிங்கப்பூரிலிருந்து அப்பா அனுப்பிய தொலைநோக்கிக்கு, அவர் கடிதத்தில் எழுதிய அளவுப்படியே அவளும் கொல்லையில் ஓர் அறை கட்டினாள். ஆனால் கூரை அசையவில்லை.

"புயல்ல பறந்துடும்ல டீச்சர்? அதான் நாலு மூலையிலயும் வெல்டு வச்சிட்டேன்" என்றார் வெல்டர் அந்தோணி, பெருமையாக. அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஐப்பசியில் புயல் வந்தது. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தன. தெருவில் பாதிப் பேர் அந்த அறைக்குள்தான் ஈரத்துணியோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம்.

தொலைபேசி சரியானதும் அப்பா பதறிப்போய்க் கேட்டார்: "கூரையெல்லாம் என்னாச்சு?"

"வீட்டுக் கூரை போச்சுங்க. நீங்க திறக்கணும்னு சொன்ன கூரை, நல்லவேளை, திறக்கல."