வள்ளல் அனுப்பிய திருத்தம்

கணினி பழுது பார்க்கும் அவனுக்கு மச்சான் வைத்த பட்டப்பெயர் வள்ளல். பார்வையில்லாத அந்த மச்சானுக்காகத்தான் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் புரோகிராமை எழுதினான். எழுதியதோடு நிற்காமல், யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று ‘ஓப்பன் சோர்ஸாக’ ஊருக்கே திறந்து வைத்தான்.

பெரிய கம்பெனி ஒன்று அதை எடுத்துத் தான் விற்கும் கணினிகள் எல்லாவற்றிலும் சேர்த்தது; மச்சானுடையதும் அதில் ஒன்று. “ஓப்பன் சோர்ஸ்தான் எங்க உயிர்” என்று அவனுக்கு ஒரு பனியனும் அனுப்பியது.

பிறகு அவர்கள் எதையோ மாற்ற, புரோகிராம் ½ என்ற குறியை விழுங்கத் தொடங்கியது. டாக்டர் அனுப்பிய மருந்துச் சீட்டில் இருந்த 1½ மாத்திரை மச்சான் காதில் ஒன்றாக விழுந்தது. பதறிப்போன வள்ளல் ஒரே வரியில் திருத்திக் கம்பெனிக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது. வள்ளல் அதை மச்சானுக்கும் அனுப்ப, அவன் புரோகிராமின் இயந்திரக் குரலிலேயே போனில் நடித்துக் காட்டினான்: “உங்கள் பங்களிப்பை நேசிக்கிறோம். கோரிக்கை ஏற்கப்படாமல் மூடப்பட்டது.”

“என் மிஷின்லயாவது உன்னோடத போட்டுக் குடு மாப்ள.”

“போட்டேனே. அடுத்த அப்டேட்டு வந்து அழிச்சிட்டுப் போயிடுச்சு.”

“ஏங்க, அப்போ அவங்க சொன்னதெல்லாம் நடிப்பா?” என்றாள் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த வள்ளலின் மனைவி.

“நடிப்பில்லம்மா. நிஜமாவே பிடிச்சிருக்கு. அதான் எடுத்துக்கிட்டாங்க.”

மச்சான் போனை வைக்கவில்லை. “சரி வள்ளலே, சீட்டைப் படம் எடுத்து அனுப்புறேன். நீயே படிச்சுச் சொல்லு.”

வள்ளல் படித்தான். மற்றவர்களுக்கு யார் படிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை.