சீல் உடைக்காத பாட்டில்

முதலியார்பேட்டையில் நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் என் நண்பன் வருவான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இப்போது அவன் ஏ.சி. ரிப்பேர் செய்கிறான். தான் வெயில் காலத்தில் மட்டும் ஒரு பெரிய மனுஷன் என்று சொல்லிச் சிரிப்பான்.

அன்றைக்கு வந்தவன் உட்காரவில்லை. கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தினான்.

"டேய், ஒரு நல்ல விஸ்கி வாங்கணும். ஃபாரின் சரக்கு. நீ கூட வா."

"என்னையா கூப்பிடறே? அஞ்சு வேளை தொழுவுற ஆளுடா நான்."

"அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன். குடிக்கிறவனைக் கூட்டிக்கினு போனா அவனுக்கு நாக்கு ஊறும். அப்புறம் வாய் உளறும். ஊருக்கே தெரிஞ்சிடும்."

"எதுக்கு வாங்கறே?"

"ஒரு விசேஷம்."

"இன்னா விசேஷம்?"

"வரும். எப்பன்னு தெரியாது. வர்றப்ப சொல்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. வயிற்றுப்போக்கு வந்தால்கூட எனக்கு போன் போட்டுச் சொல்கிறவன் இவன். வருஷத்தில் இரண்டு மூன்று தரம் பீர் குடிப்பான், அதோடு சரி. அவனுக்கு எதற்கு வெளிநாட்டு விஸ்கி? அதுவும் என்றைக்கு என்றே தெரியாத ஒரு விசேஷத்துக்கு? முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டான்.

பாட்டிலைத் தொடமாட்டேன், தூக்கமாட்டேன், பார்க்க மட்டும் செய்வேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். கிளம்பும்போது, "உன் பூதக்கண்ணாடியை எடுத்துக்கோ. டூப்ளிகேட் நிறைய வருதாம்" என்றான்.

கடற்கரைப் பக்கம் வெளியூர்க்காரர்கள் வருகிற கடை ஒன்றுக்குப் போனோம். உள்ளே குளிரூட்டி, தரையெல்லாம் பளபளப்பு, துணிக்கடை மாதிரி வெளிச்சம். நான் கற்பனை செய்து வைத்திருந்த பிராந்திக் கடை இதுவல்ல. விற்பனையாளர் இளைஞர், ரொம்பச் சிரித்தார். அந்தச் சிரிப்பே என் நண்பனுக்குப் பிடிக்கவில்லை.

"சிரிக்கிறான் பாரு. எதையோ தள்ளி விடப் பாக்கறான்" என்று என் காதில் சொன்னான்.

அவர் நான்கு பாட்டில்களை எடுத்து வைத்தார். நண்பன் ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பிடிக்க, நான் பூதக்கண்ணாடியை வைத்து லேபிளைப் பார்த்தேன். மூடியைச் சுற்றிய பேப்பர், ஓரத்தில் ஒட்டியிருந்த அரசாங்க ஸ்டிக்கர், பொடி எழுத்துகள். ஒன்றும் விளங்கவில்லை. அசலே எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குப் போலி எப்படித் தெரியும்? ஆனாலும் தெரிந்தவன்போல "ம்… ம்…" என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் இளைஞரின் சிரிப்பு காணாமல் போனது. உள்ளே போனார். உள்ளேயிருந்து மேனேஜர் வேட்டியைச் சரிசெய்துகொண்டே ஓடிவந்தார்.

"சார், உக்காருங்க சார். காபி சொல்லட்டுமா? எல்லாம் கரெக்டா இருக்கு சார். பில் புக் எல்லாம் காட்டறேன்."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. எங்களைக் கலால் துறை அதிகாரிகள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருடைய சந்தேகம் கூடிக்கொண்டே போனது. தாடியும் பூதக்கண்ணாடியுமாக வந்து விஸ்கி பாட்டிலைத் தொடாமல் பார்க்கிறவன் வேறு யாராக இருக்க முடியும்? காபி வந்தது. குடிக்காமல் எழுந்து வந்தோம். வாசலில் நண்பன் சொன்னான்: "தப்பு செய்யாதவன் ஏன்டா பயப்படணும்? இந்தக் கடை வேணாம்."

வீட்டுக்குப் போனால் என் மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னங்க, பீச் ரோட்டுப் பக்கம் பிராந்திக் கடையிலேர்ந்து வெளிய வந்தீங்களாமே? எங்க சின்னம்மா மவன் பாத்தானாம்."

நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை நம்பினாள். ஆனால் என் சட்டையை ஒருதரம் முகர்ந்துவிட்டுத்தான் நம்பினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. போன வாரம் உங்க சினேகிதரைத் துணிக்கடையில பாத்தேன். மெத்துனு இருக்கற ஸ்கார்ஃபா பாத்து வாங்கிக்கினு இருந்தாரு. நாலஞ்சு கலரு. என்னைப் பாத்ததும் மறைச்சாரு."

"அதனால இன்னா?"

"அவங்க வீட்டம்மா பொடவை கட்டறவங்க. ஸ்கார்ஃப் யாருக்கு?"

அன்றிலிருந்து எல்லாமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. சில காலை நேரங்களில் அவன் போனை எடுப்பதே இல்லை. கேட்டால் 'கூரை மேல வேலை' என்பான். மழைக் காலத்தில் யார் ஏ.சி. மாட்டுகிறார்கள்? பிள்ளைச்சாவடிப் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை என்றான். அங்கே போன என் வாடிக்கையாளர் ஒருவர், அந்த ஓட்டல் பல மாதமாகப் பூட்டியிருப்பதாகச் சொன்னார். இளைத்தும் போயிருந்தான். இந்த வயதில் ஆண்பிள்ளை ஒருவன் இளைத்து, ஸ்கார்ஃப் வாங்கி, உயர்ந்த விஸ்கி தேடினால் என்ன அர்த்தம்? அவன் மனைவி என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். நினைக்கவே வெட்கமாக இருந்தது. நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

அடுத்த தரம் காலையில் அவன் போன் எடுக்காதபோது ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ரெட்டியார்பாளையத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஃபிரேம் மாற்றக் கொடுத்து, வெகுநாளாக வாங்கிக்கொள்ளாத கண்ணாடி ஒன்று கடையில் கிடந்தது. அதைக் கொடுக்க வந்ததாகச் சொல்லலாம். அவன் இல்லாதபோது அவளிடம் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்க்கலாம் என்பது என் திட்டம்.

கதவைத் திறந்தது அவள்தான். தலையில் இளநீல ஸ்கார்ஃப். அதன் ஓரத்தில் முடியே இல்லை. புருவமும் இல்லை. கண்ணாடி டப்பாவை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"வாங்கண்ணா. உங்ககிட்ட சொல்லலையா அவரு?"

அவன் உள்ளேதான் இருந்தான். பனியனோடு, கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு. என்னைப் பார்த்ததும் திருடனைப்போல விழித்தான்.

மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, கீமோ ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். அம்மாவுக்கு இந்த நோய் என்றால் பெண்ணுக்கும் வரும் என்று ஊர் பேசும், வருகிற வரன் எல்லாம் திரும்பிப் போய்விடும் என்று பயந்து யாரிடமும் மூச்சு விடவில்லை. அவளுடைய அக்காவுக்கே தெரியாது.

"என்கிட்ட கூடவாடா?" என்று அவனைக் கேட்டேன்.

"உன்கிட்ட சொன்னா நான் அழுதுடுவேன்டா. அழுதுட்டு ஏ.சி. மாட்டப் போவ முடியாது" என்றான்.

நான் கேட்பதற்கு முன்பே அவள் விஸ்கிப் பேச்சை எடுத்தாள். "அது எனக்குத்தாண்ணா. எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாம் குடிச்சிப் பாத்துட்டாங்க. பண்டிகைக்குப் பண்டிகை நான் வறுத்துக் குடுத்தேன், கழுவி வெச்சேன். ஒரு வாய் இன்னா ருசின்னு தெரியாது. இனிமே வருஷத்துக்கு ஒரு தரம் வந்தா போதும்னு டாக்டர் என்னிக்கு சொல்றாரோ, அன்னிக்கு ஒரு கிளாஸ் குடிக்கப் போறேன்."

"வேளாங்கண்ணிக்கு நேந்துக்கலையா?"

"நேந்துக்கிட்டா இன்னா வேண்டுதல்னு நாலு பேர் கேப்பாங்க. பாட்டில் வெச்சிருந்தா யாரும் கேக்க மாட்டாங்க."

திரும்பி வரும்போது ஸ்கூட்டரை வழியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். நான் என்னவெல்லாம் நினைத்திருந்தேன் என்று அவனுக்கு இதுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

முடி கொஞ்சம் முளைத்த பிறகு மூன்று பேருமாகப் போனோம், வேறொரு கடைக்கு. அவள் உள்ளே நுழைந்ததும் வரிசையில் நின்ற ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெளிநாட்டுப் பெண்கள் வந்தால் பார்க்காதவர்கள், புடவை கட்டிய நம்மூர்ப் பெண்ணைப் பார்த்தார்கள். அவள் யாரையும் கண்டுகொள்ளவில்லை. கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி பாட்டில்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது ரெண்டும் ஒரே சரக்குதானே? அப்புறம் ஏன் இதுல கொஞ்சம் கம்மியா இருக்கு?"

கடைக்காரர் வயதானவர். குனிந்து பார்த்துவிட்டு, "நூலளவு வித்தியாசம்மா. ஃபேக்டரியிலயே அப்படித்தான் வரும்" என்றார்.

"அந்த நூலளவு எனக்கு வேணும். நெறஞ்சதைக் குடுங்க. கெட்டுப் போவாம எத்தனை வருஷம் இருக்கும்?"

"சீல் உடைக்காம, நிமித்தி வெச்சி, வெயில் படாமப் பாத்துக்கினா எத்தனை வருஷம் வேணா இருக்கும். நமக்குத்தாம்மா வயசாவும். பாட்டில்ல இருக்கறதுக்கு ஆவாது."

அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். விற்பதற்காகச் சொல்கிறாரா, உண்மையைச் சொல்கிறாரா என்று எடை போடுகிற பார்வை. பிறகு, "கார்க்கு போட்டது வேணாம், திருகு மூடி போட்டதா குடுங்க" என்றாள். தக்கை உளுத்துப்போகும் என்று அவளுக்குச் சந்தேகம். திருகு மூடியில் அவள் தேர்ந்தெடுத்தது கடையிலேயே விலை உயர்ந்ததல்ல. ஆனால் நண்பன் அதைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டுதான் காருக்கு வந்தான். புடவை அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே அதை நிற்க வைத்தார்கள்.

அதன் பிறகு செக்கப், மறுபடி செக்கப். ஒரு தரம் ஸ்கேனில் ஏதோ நிழல் மாதிரி தெரிகிறது, இன்னொரு டெஸ்ட் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் மதியம் நண்பன் என் கடைக்கு வந்தான். கையில் துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. மேஜைமேல் வைத்துப் பிரித்தான். அந்தப் பாட்டில்.

"இதை எங்கயாவது கொண்டுபோய்க் கொட்டிடுடா. முன்கூட்டியே கொண்டாட வாங்கி வெச்சோம் பாரு, அதான் இப்படி ஆச்சு. இது வீட்டுக்கு வந்ததுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல."

"பைத்தியமா உனக்கு? ஒரு பாட்டில் இன்னாடா பண்ணும்?"

"தெரியல. ஆனா இது அங்க நின்னுக்கினு என்னையே பாக்கற மாதிரி இருக்கு."

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளர் கதவைத் தள்ளினார். எங்கள் பள்ளிவாசலுக்குத் தவறாமல் வருகிறவர். லென்ஸ் துடைக்கிற துணியை அள்ளிப் பாட்டில்மேல் போட்டேன். அது போதவில்லை, கழுத்து வெளியே தெரிந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்புறம் வரேன் பாய்" என்று போய்விட்டார். இன்றுவரை அவர் கண்ணாடி வாங்க வரவில்லை.

உடனே போன் அடித்தது. நண்பனின் மனைவி.

"அண்ணா, அவரு அங்க இருக்காரா? அலமாரியில பாட்டிலைக் காணோம். மனசு ஒடைஞ்சி எங்கயாவது உக்காந்து குடிச்சிட்டாரோன்னு பயமா இருக்கு."

"இங்கதான் இருக்கான்மா. குடிக்கல. பாட்டிலும் இங்கதான் இருக்கு." இனி மறைக்க என்ன இருக்கிறது? அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"போனை அவருகிட்ட குடுங்க" என்றாள். அவள் பேசியது எனக்கே நன்றாகக் கேட்டது. "நோவு எனக்கு. பாட்டிலும் எனக்கு. எங்க இருந்துச்சோ அங்க கொண்டாந்து வெய்யிங்க. அதுக்கு மேல இன்னா வருதுன்னு நான் பாத்துக்கறேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டிலை மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு போனான். டெஸ்ட் ரிசல்ட் வருகிறவரை நான் இரவில் சரியாகத் தூங்கவில்லை. என் மனைவி ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி அவர்களுக்காகத் துஆ செய்துகொண்டே இருந்தாள். அந்த நிழல், கீமோவுக்குப் பிறகு ரேடியேஷன் கொடுத்த இடத்தில் இருந்த தழும்பு. வேறொன்றுமில்லை.

இந்த வருஷம், வெயில் தொடங்குவதற்கு முன்னால், டாக்டர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து மத்தியானம் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். கல்யாணப் பேச்சு நடந்தபோதே மகள் அவரிடம் அம்மாவின் நோயைப் பற்றித் தானே சொல்லிவிட்டாளாம். பெற்றவர்கள் இருவரும் மூடி மூடி வைத்தது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

நண்பன் மூடியைத் திருகியபோது எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். அவன் மூக்கருகே கொண்டுபோய், "டேய், இது ஒரிஜினலா?" என்றான். அந்த வீட்டில் யாரும் அந்த விஸ்கியை அதற்கு முன் குடித்ததில்லை. யார் சொல்வது? அவள் அவன் கையிலிருந்து கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தாள். முகம் கோணிப்போனது. "சீ, மருந்து மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் கீழே வைக்கவில்லை. ஆட்டுக்கறி வறுவலைத் தொட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக, கிளாஸைக் காலிசெய்தாள். நானும் என் மனைவியும் எலுமிச்சைச் சாறு குடித்தோம்.

சாப்பாடு முடிந்து நாங்கள் கிளம்பும்போது அவள் நாற்காலியிலேயே தூங்கிப் போயிருந்தாள். நண்பன் மெல்லப் பக்கத்தில் போய் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். கண்ணைத் திறக்காமலே அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டாள்.

"காய்ச்சல் இல்ல. தூங்க விடுங்க."

அவன் கையை எடுத்துக்கொண்டான். எங்களை வழியனுப்ப வாசலுக்கு வந்தவன், செருப்பைப் போடுவதற்குள் இரண்டு தரம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டான்.