மேல்கணக்கில் இரண்டு முறை பெய்த மழை

பண்டாரவளையில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த அறையில்தான் நானும் நண்பனும் மென்பொருள் எழுதினோம். பாண் வேகும் வாசனை படியேறி வரும். அதை முகர்ந்துகொண்டு எழுதியதில் பிழையே இருக்காது என்று நம்பிய காலம். உலகத்துக்கே மென்பொருள் செய்யக் கிளம்பிய எங்களுக்கு வாய்த்தது நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்று.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையின் கைப்பேசியில் ஒரு செயலி. தோட்டத்து ஆபீசில் சர்வர். சாக்கின் எடையையும், மழை நாளென்றால் கொழுந்தோடு வரும் தண்ணீரையும் கழிப்பது வழக்கம். கைப்பேசி கழித்து அனுப்பும். ஆபீசில் நேராகப் பதியும் எடைகளுக்குச் சர்வர் கழிக்கும். இரண்டுக்கும் ஒரே கோட், ஒரே தடவை எழுதியது. இதைப் பற்றி நான் டீக்கடையில் பேசாத நாளில்லை. கேட்டவர்கள் வடை சாப்பிட்டார்கள்.

பிறகு, எவ்வளவு கழிகிறது என்று ஆபீசுக்கும் தெரிய வேண்டும் என்றார்கள். இனிக் கைப்பேசி மொத்த எடையை அனுப்பட்டும், சர்வரே கழிக்கட்டும் என்று மாற்றினோம். கோட் ஒன்றுதானே, இரண்டு பக்கமும் மாறிவிடும் என்ற நினைப்பு. ஒன்றாக இருந்தது எங்கள் கணினியில் மட்டும்தான்.

ஒரு மழை நாளுக்கு மறுநாள் காலை ஆபீஸ் கிளாக்கர் அழைத்தார்.

"தம்பி, மேல்கணக்குல அம்புட்டுப் பேருக்கும் அரைப்பேர் விழுந்திருக்கு. பொம்பளைங்க மலைக்குப் போக மாட்டோம்னு பெரட்டுல நிக்கிறாங்க."

மேல்கணக்கு என்பது தோட்டத்தின் மேல் டிவிஷன்; பெரட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். நாள் முழுக்க நனைந்து பறித்தவர்களுக்கு, நாளுக்குரிய கிலோ வரவில்லை என்று அரைநாள் வேலைதான் பதிவாகியிருந்தது. அங்குள்ள கணக்கப்பிள்ளையைப் பிடித்தோம்.

"அப்டேட்டா? அத எப்பவோ நிப்பாட்டிட்டேனே. டேட்டாவ அது குடிச்சிட்டா வீட்டுல நாடகம் எப்பிடிப் பாக்குறது? வீட்டுக்காரி என்னைய வெளிய தள்ளிருவா."

பழைய செயலி கழித்து அனுப்பியதைப் புதிய சர்வர் மறுபடியும் கழித்திருக்கிறது.

"போன வாங்கி நாமளே அப்டேட் போட்டுருவோம்டா" என்றேன்.

"போடலாம். நாளைக்கு இன்னொருத்தர் வீட்டுல இன்னொரு நாடகம். பழசு அனுப்புறத பழசாவே படிக்க சர்வருக்குத் தெரியணும்" என்றான் நண்பன்.

அதன்பின் புதிய செயலி அனுப்பும் ஒவ்வொரு தகவலோடும் பதிப்பு எண் போனது. எண் இல்லையா, பழைய செயலி, கழிக்காதே. மத்தியானத்துக்குள் மேல்கணக்கின் முந்தைய நாள் எடைகளைத் திரும்ப ஓட்டினோம். எல்லோருக்கும் முழுப்பேர்.

நண்பன் இப்போது வெளிநாட்டில். இப்படி ஒரு முடிவெடுக்க அவனுடைய நிறுவனத்தில் வாரக்கணக்கில் கூட்டம் நடக்கிறதாம். எங்களுக்கு அன்று கீழே பேக்கரியில் வாங்கிய ஆளுக்கொரு பணிஸ் போதுமாயிருந்தது. அந்த அவசரமும் பசியும் பிறகு எனக்கு எந்த வேலையிலும் அமையவில்லை.

கணக்கைத் திருத்தித் தருவதாகக் கிளாக்கர் சொன்ன பிறகுதான் பெண்கள் மலைக்குப் போயிருந்தார்கள். திருத்திய செய்தியை நேரில் சொல்ல அன்று மாலையே மேல்கணக்குக்கு ஏறினோம். நிறுவைக்கு நின்ற வரிசை எங்களை மேலும் கீழும் பார்த்தது.

"மழைய ரெண்டு தடவ கழிச்ச தொரைங்க இவங்கதானா?" என்றார் முன்னால் நின்ற அக்கா.

"சரி பண்ணிட்டோம்க்கா. நேத்துக்கு முழுப்பேர்தான்."

"கழிக்கிறதுல இம்புட்டுக் கெட்டிக்காரங்க, எங்க லயத்து வீட்டுக் கூரையில ஒழுகுறதையும் ஒருக்கா கழிச்சி விடுங்களேன்."

வரிசை சிரித்தது. நண்பன், "அதுக்கு இன்னும் வெர்ஷன் வரலக்கா" என்றான்.

"அப்ப இதயாச்சும் ஒழுங்கா நிறுங்க" என்று அவர் சாக்கைத் தராசில் மாட்டினார். கணக்கப்பிள்ளை கைப்பேசியில் எடையைத் தட்டினார். வரிசை மொத்தமும் எங்கள் முகத்தைப் பார்த்தது. நாங்கள் அந்தத் திரையைப் பார்த்தோம்.